மீன் வண்டிக்கு பி.யூ. பெயிண்ட்

நான் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற கார் பட்டறையில் தண்ணீரில் கரையும் பெயிண்டுக்கு மாறுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெயிண்டை இறுகவைக்கிற ஹார்ட்னரில் மிச்சமிருக்கும் டின்களை என்ன செய்வார்கள், மூடி இறுக்கமாக இருக்குமா, ஈரச் சுவரோரம் அடுக்கிவிடுவார்களா என்று வீட்டில் உட்கார்ந்தபடியே கவலைப்பட்டு, கடைசியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அங்கே கலர் கலக்குகிறவர்கள் சிரித்தார்கள். "இப்ப நம்பரைத் தட்டினா மெஷினே கலக்கிக் குடுத்துடுது சார். உங்க காலத்துல ஏர் பிரஷ்ஷுக்கு பி.யூ. பெயிண்ட் எங்க வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார். நின்றவாக்கில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

தொழில் கற்றது ஜி.பி. ரோட்டில் ஒரு பெயிண்ட் கடையில். டின் தூக்கினேன், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன், தின்னரை அளந்து ஊற்றினேன். சில வருடங்களில் டின்னை ஆட்டிப் பார்த்தே உள்ளே கட்டி தட்டியிருக்கிறதா என்று சொல்ல வந்தது. தின்னரை முகர்ந்தால் எதற்கான தின்னர் என்று தெரிந்தது. கற்றுக்கொண்டது அவ்வளவுதான். கவலைப்பட யாரும் கற்றுத்தரவில்லை, அது கூடவே பிறந்தது. ராயப்பேட்டையில் வீட்டைப் பூட்டிவிட்டு மணிக்கூண்டு வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

தொண்ணூறுகளில் அந்தக் கடையை விட்டு சேஷாத்ரி சாரிடம் சேர்ந்தேன். அவர் மயிலாப்பூர்க்காரர். பேனா மாதிரி பிடித்துக் காற்றால் பெயிண்டைத் தூவுகிற ஏர் பிரஷ்ஷில் விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் செய்துகொடுத்தவர். போட்டோவில் இருக்கும் சுருக்கத்தை எடுப்பது, சோப்பு மேல் நுரை ஏற்றுவது, இப்படியான வேலை. கம்ப்யூட்டர் வந்ததும் அந்த வேலை அப்படியே நின்றுபோனது. அவர் யாரையும் திட்டவில்லை. லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் கார் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பைக் டாங்கிலும் வேன் பக்கவாட்டிலும் வரைய ஆரம்பித்தார். அவருக்குச் சாமான் தேடிக் கொண்டுவருவதும் தகரத்தைத் தேய்த்துத் தயார் செய்வதும் என் வேலை.

தேடுவது என்றால் நிஜமாகவே தேடல்தான். அதுவரை வண்டிகளுக்கு அடித்தது என்.சி. பெயிண்ட். அது காற்றில் தானாகக் காயும், அதன் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் திரும்பக் கரைந்தும் போகும். பி.யூ. வேறு ஜாதி. பெயிண்ட் தனி டின், ஹார்ட்னர் தனி டின். கலந்தால்தான் இறுகும், இறுகிவிட்டால் பெட்ரோல் பட்டாலும் அசையாது. ஆனால் ஹார்ட்னர் ஈரத்தைக் குடிக்கும். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நம் ஊர்க் கடல்காற்றுக்குக் கஞ்சியாகிவிடும். பட்டறைகளுக்கு டீலர்கள் லிட்டர் கணக்கில், கார் கலரில்தான் கொடுப்பார்கள். எங்களுக்கு வேண்டியதோ இருமல் மருந்து பாட்டில் அளவு நீலம், அதிலும் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி நீலம். கலர் கலக்கும் அறை வாசலில் நின்று, அவர்கள் கலர் சேர்க்கிற டின்டர் டப்பா காலியாகும்போது அடியில் ஒட்டியிருப்பதை வழித்துக்கொண்டு வருவேன். பஸ் பிடித்து மயிலாப்பூர் வருவதற்குள் பாட்டிலைப் பத்து தடவை தூக்கிப் பார்ப்பேன், கசிகிறதா என்று.

நான் கொண்டுவந்ததை சார் உடனே ஏற்றுக்கொள்ள மாட்டார். முதலில் மூடியைத் திறந்து முகர்வார். பிறகு நைலான் சாக்ஸில் வடிகட்டுவார், அதையே மறுபடி வேறொரு சாக்ஸில் வடிகட்டுவார். ஏர் பிரஷ் முனையில் இருக்கும் ஓட்டை தையல் ஊசியின் காதைவிடச் சின்னது, ஒரு துரும்பு போதும் அடைத்துக்கொள்ள. அப்புறம் வெள்ளை அடித்த தகரத் துண்டில் ஒரு கோடு இழுத்து, அது காய்கிறவரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். காய்ந்ததும் கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். தடம் விழுந்தால் கோபிக்க மாட்டார். பாட்டிலை எடுத்து என் பையிலேயே திரும்ப வைப்பார். "தணிகாசலம், இது நீ வாங்கினதா, உன் தலைல கட்டினதா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு பயந்தே நான் ஊர் முழுக்க அலைந்தேன்.

ஒரு புரட்டாசியில் பட்டினப்பாக்கத்திலிருந்து அஞ்சலை அக்கா வந்தார். மீன் வியாபாரம். கூடையில் சுமந்தவர், புதிதாக ஒரு குட்டி டெம்போ வாங்கியிருந்தார். அதன் இரண்டு பக்கமும் யாரோ என்.சி.யில் வரைந்த மீன் இருந்தது. இருந்தது என்றால், பாதி இருந்தது. ஐஸ் தண்ணீரும் உப்பும் வழிந்து வழிந்து வால் பக்கம் உரிந்து போயிருந்தது.

"இன்னா சாமி, என் வண்டியில மீனு செத்துகினு கீது பாரு," என்றார்.

சார் டெம்போவைச் சுற்றி வந்தார். "என்ன மீன் இது?"

"அதத்தான் நானும் கேட்டேன் வரைஞ்சவன. மீனுன்றான். எந்த மீனுடான்னா முழிக்கிறான். எனக்கு வஞ்சிரம் வோணும். வலையிலேர்ந்து எடுத்த வஞ்சிரம். முதுகுல நீலம், வயித்துல வெள்ளி. ஐப்பசி பொறந்தா தி.நகர் மெஸ்ஸுக்கு நான்தான் சரக்கு குடுக்கறேன். வண்டியப் பாத்தே எறா வாங்க வந்தவ வஞ்சிரம் வாங்கிட்டுப் போவணும்."

"நான் வஞ்சிரத்தைக் கிட்டத்துல பாத்ததில்லையே."

"ஐயருன்னா அப்டித்தான். நாளைக்கு ஒண்ணு எட்தாறேன். பயப்படாத, கடிச்சிராது."

மறுநாள் நிஜமாகவே கொண்டுவந்தார். சார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் சுளிக்காதது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. படத்தின் மேல் அவ்வளவு ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்காக நான் அலைந்தது தனிக்கதை. கார் சில்வரில் மினுக்கு பெரிது பெரிதாக இருக்கும், ஏர் பிரஷ்ஷை அடைக்கும், மீனின் வயிறு அதில் பாத்திரம் மாதிரி தெரியும். மாவு போன்ற வெள்ளி வேண்டும். கேட்டுக் கேட்டு ஆதம்பாக்கத்தில் யூசுப் பாயிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பழைய சீலிங் ஃபேன்களுக்குப் புதுசாக பெயிண்ட் அடிப்பவர். ஃபேனுக்கு அடிக்கிற வெள்ளி பவுடர் மாதிரி நைசாக இருந்தது. அதைவிட அவர் தலையில் மாட்டியிருந்ததுதான் என் கண்ணில் பட்டது. முன்னால் கண்ணாடி வைத்த ஒரு துணி முக்காடு, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போனது.

"இன்னா பாய், சந்திரனுக்குப் போறீங்களா?" என்றேன்.

"பல் டாக்டர்ட்ட இருக்குமே கம்ப்ரஸரு, எண்ணெ இல்லாதது, அது ஒண்ணு பழசு கெடச்சுது. வெளிய வச்சு நல்ல காத்து இழுத்துக்கறேன்." முக்காட்டைக் கழற்றினார். "ஹார்ட்னரு பொகையா பறக்கும் நைனா. உள்ள போனா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாளு புடிச்சிக்கும். என் மச்சான் இதே தொழிலுதான். இப்ப ஒரு மாடிப்படி ஏறமாட்டான்."

வெள்ளி டப்பாவை மொபெட்டில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வேளச்சேரி, அடையாறு, எதுவும் கண்ணில் படவில்லை. சார் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் அடிப்பார். அதையும் பாதியில் கழற்றிவிடுவார். கொஞ்ச நாளாக இருமுகிறார். நான் வாங்கிவந்த ஹார்ட்னர்தான் எல்லாம்.

அந்த வாரம் சாரின் மனைவி, மாமி, ஷெட்டுக்கே காபி ஃப்ளாஸ்க்கோடு வந்தார். சார் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தார். மாமி குரலைத் தாழ்த்தினார். "படுத்துண்டா மூச்சு முட்டறதுன்னு சாய்வு நாற்காலியிலயே தூங்கறார். டாக்டர்கிட்ட வாங்கோன்னா காது கேக்காத மாதிரி இருக்கார். நீங்க சொன்னா கேப்பாரோ என்னவோ. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதேங்கோ."

நான் சொன்னால் கேட்பாரா? ஊரில் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன் சொல்லை யார் கேட்பார்கள். மழை வருமா என்று கேட்பதும் நான்தான், உயிர் போகுமே என்று சொல்வதும் நான்தான் என்றால் இரண்டும் ஒரே எடையாகத்தான் இருக்கும். ஆனாலும் சொன்னேன்.

"சார், முகமூடி இல்லாம அடிக்கிறதா இருந்தா ஹார்ட்னர் நான் வாங்கியார மாட்டேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "முகமூடி போட்டா கண்ணாடில ஆவி படியறது. செதிள் தெரியமாட்டேங்கறது."

"அப்போ ஹார்ட்னர் இல்லாத பேஸ் கோட்ல நீங்க மீனை வரைங்க. மேல அடிக்கிற கிளியரை மட்டும் யூசுப் பாய் அடிக்கட்டும். அவருகிட்ட காத்துக் குழாய் இருக்கு."

"ஃபேனுக்கு அடிக்கறவரா?"

"ஆமா சார்."

பேஸ் கோட் காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக நிற்கும். மேலே கிளியர் விழும்போதுதான் நீலம் நீலமாகும், வெள்ளி வெள்ளியாகும். மீனுக்கு உயிர் வருகிற அந்த நிமிஷத்தை இன்னொருவர் கையில் கொடு என்று நான் சொன்னேன். அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

"ஓவியத்துல கடைசி கை என்னோடதா இருக்கணும், தணிகாசலம்," என்றார். குடையை எடுத்துக்கொண்டார். "ஹார்ட்னர் நானே வாங்கிண்டு வரேன்."

போய் வாங்கியும் வந்தார். கலர், கிளியர் எல்லாவற்றிலும் ஹார்ட்னர் கலந்து, கதவைச் சாத்திக்கொண்டு அடித்தார். நான் வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். உள்ளே இருமல் வரும், நிற்கும். ஏர் பிரஷ் சத்தம் வரும், மறுபடி இருமல். இருமலைவிட இருமல் இல்லாத நேரம்தான் என்னைப் படுத்தியது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பேன், நிற்கிறாரா என்று. வெளியே வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஆனால் மீன் பிரமாதமாக இருந்தது. இதுவரை அப்படி ஒன்றை எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே போனது. இன்னொரு இடத்தில் அழுத்தினார், அங்கேயும் போனது. வெயிலில் நிறுத்தினோம். அதற்கடுத்த நாளும் பிசுபிசுப்பு போகவில்லை. ஹார்ட்னர் கெட்டதா என்று டின்னைப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. தின்னர் கேனைத் திறந்தேன். திறந்ததுமே சுருக்கென்று மூக்கில் ஏறியது. என்.சி. தின்னர். கடைக்காரர் தின்னர் என்று கேட்டவருக்கு ஒரு தின்னரைக் கொடுத்திருக்கிறார். என்.சி. தின்னரில் ஸ்பிரிட் கலந்திருக்கும். ஹார்ட்னரை அது பிடித்துக்கொள்ளும், பெயிண்டை இறுக்க எதுவும் மிஞ்சாது. எத்தனை நாள் வைத்தாலும் காயாது. பி.யூ. தின்னர் பழ வாசனையோடு மெதுவாக வரும். அதை இதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை, அதுவும் மூடியைத் திறந்து முகராமல் எதையும் கலக்காத மனிதருக்கு.

"சார், இது என்.சி."

அவர் கேனை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கேனைக் கீழே வைத்துவிட்டு மாமி கொடுத்தனுப்பியிருந்த ஃப்ளாஸ்க்கைத் திறந்தார். ஆவி மேலே வந்தது. அதற்கு மேல் முகத்தைக் கொண்டுபோனார்.

"இதுவும் தெரியலை," என்றார்.

"எத்தனை நாளா சார்?"

"சொல்லத் தெரியலை. சளின்னு நினைச்சிண்டிருந்தேன்." ஸ்டூலில் உட்கார்ந்தார். வஞ்சிரத்தைக் கையில் வாங்கியபோது அவர் முகம் சுளிக்காதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவருக்குக் காபி வாசனை போய்விட்டது. அவருக்கே அது தெரியாமல் போயிருக்கிறது. ஃப்ளாஸ்க் மூடியை மாட்ட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை அக்கா வந்தார். மீன் மேல் விரல் வைத்தார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"சாமி, நெசமாலுமே புச்சு மீனுதான் போ. கொழகொழன்னு கீது," என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் எங்கள் முகத்தைப் பார்த்தார். "இன்னா ஆச்சு நைனா?"

சொன்னேன். பெயிண்ட் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சார் மூச்சு விஷயத்தையும் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. அக்கா சார் எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"எங்க குப்பத்துல மூச்சு தம் கட்டி உள்ள போறவங்க கீறாங்க. தம்மு போச்சுன்னா போச்சு, கடலு திருப்பிக் குடுக்காது. எனக்கு மீனு ஐப்பசிக்கு வோணும். வரையறதுக்கு நீ வோணும். ரெண்டும் வோணும். இன்னா பண்ணுவியோ பண்ணு."

சார் கொஞ்ச நேரம் டெம்போவைப் பார்த்தார். "தணிகாசலம், ஆதம்பாக்கத்துல அவர் பேர் என்ன சொன்னே?" என்றார்.

மாமி அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஹார்ட்னர் இருக்கும் இடத்தில் இனி நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். காயாத மீனைத் தின்னர்த் துணியால் நான் துடைத்து எடுத்தேன். நீலமும் வெள்ளியும் குழம்பிக் கையோடு வந்தது. சார் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தகரத்தைத் தேய்த்து, பிரைமர் போட்டுக் கொடுத்ததும், ஹார்ட்னர் இல்லாத பேஸ் கோட்டில் முதலிலிருந்து வரைந்தார். கதவைத் திறந்து வைத்து, டாக்டர் சொன்ன முகமூடியோடு. ஆவி படியும்போதெல்லாம் நிறுத்தி, வெளியே போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

ஐப்பசிக்கு முன்பே மழை மேகம் வந்துவிட்டது. வண்டியை ஆதம்பாக்கம் கொண்டுபோன அன்று அடையாறு பாலத்தில் காற்று சுழற்றியது. கிளியர் விழாத பேஸ் கோட்டில் ஒரு மழைத்துளி பட்டாலும் வட்டமாகக் கறை நிற்கும். பிளாஸ்டிக் விரிப்பு படத்தைத் தொடாமல் இருக்க, பக்கவாட்டில் மூங்கில் கட்டி அதன் மேல் விரித்திருந்தோம். அக்காவின் தம்பி டெம்போவை ஓட்ட, நானும் சாரும் மொபெட்டில் பின்னாலேயே போனோம்.

"சார், விரிப்பு ஆடுது."

"ஆடட்டும். நீ ரோட்டைப் பாரு."

"மேல ஒரு துளி விழுந்துச்சு சார்."

"அது உன் வேர்வை."

யூசுப் பாய் அவரைப் பார்த்ததும் கை கும்பிட்டார். மீனைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு தடவை கும்பிட்டார். பிறகு, "சாரு, நீங்க உள்ள வரக்கூடாது. ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடையில குந்திக்கங்க," என்றார். சார் மறுபேச்சில்லாமல் போனார். தன் வேலைக்குக் காவல் நிற்க முடியாமல் எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறியது.

கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. நான் அதில் பார்ப்பேன், ரோட்டைத் தாண்டி வந்து சொல்வேன்.

"ஆரம்பிச்சிட்டாரு சார்."

"எங்கேர்ந்து?"

"தலையிலேர்ந்து."

"வயித்துல அழுத்தி அடிக்காம இருக்கச் சொல்லு. வெள்ளி நகரும்."

"உள்ள பேச முடியாது சார்."

"சரி, போய்ப் பாரு."

மறுபடி ஓடுவேன். மழை வந்துவிடுமோ, சுவருக்கு வெளியே இருக்கும் கம்ப்ரஸரை யாராவது நிறுத்திவிடுவார்களோ, குழாய் மடங்கிக்கொள்ளுமோ என்று அதற்கும் ஒரு கண். யூசுப் பாய் ஃபேன் இறக்கை அடிக்கிற பழக்கத்தில் கையை நீளமாக, நிறுத்தாமல் வீசினார். மங்கிக் கிடந்த முதுகு ஈரமானது. நீலம் உள்ளேயிருந்து மேலே வந்தது. செதிள்கள் ஒன்றொன்றாகக் கண் திறந்த மாதிரி இருந்தது. நான் ரோட்டைத் தாண்டி வந்தேன்.

"என்ன ஆச்சு?" என்று சார் எழுந்துவிட்டார்.

"வந்திருச்சு சார்," என்றேன்.

மறுநாள் போனோம். அக்காவும் வந்திருந்தார். சார் இப்போது கிட்டத்தில் போகலாம் என்று பாய் சொன்ன பிறகுதான் போனார். தலையிலிருந்து ஆரம்பித்து, விரல் படாமல், கண்ணாலேயே தடவிக்கொண்டு வந்தார். வால் பக்கம் வந்ததும் நின்றார். எனக்கும் தெரிந்தது. வாலின் கீழ் நுனியில் கிளியர் கொஞ்சம் அதிகமாக விழுந்து, வழிந்து, ஒரு சொட்டாக உறைந்து நின்றது. ஏர் பிரஷ்ஷில் அவர் அடித்திருந்தால் அது நடந்திருக்காது. யூசுப் பாய் தரையைப் பார்த்தார். சார் சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு தண்ணீர்ப் பேப்பர் இருக்கும், தேய்த்து எடுக்க. அவர் கை பைக்குள் போனது.

அதற்குள் அஞ்சலை அக்கா குனிந்து வாலைப் பார்த்துவிட்டார்.

"அட, இத்தப் பாரேன். வால்லேர்ந்து தண்ணி சொட்டுது. அப்பதான் வலையிலேர்ந்து எடுத்தா மாதிரி. இதுக்குத்தான் சாமி உன்னாண்ட வந்தது."

சார் பைக்குள் போன கையை அப்படியே வெளியே எடுத்தார், வெறுங்கையாக.

"அது நான் போட்டதில்லை," என்றார். யூசுப் பாயைக் காட்டினார். "அவர் போட்டது."